எல்லாமே ஏ-ரேட்டில் ஓடினால் என்ன குடி முழுகிவிடும்?

பிப்ரவரி 9, இரவு 10:40

கம்ப்யூட்டரில் நிரல் எழுதி ஒலி உண்டாக்குகிற சிசவுண்ட் மென்பொருளைப் பற்றி வந்த கேள்வி இதுதான்: "சிசவுண்டில் மாறியின் பெயர் ஐ-யில் தொடங்கினால் ஒரு வகை, கே-யில் தொடங்கினால் இன்னொன்று, ஏ-யில் தொடங்கினால் மூன்றாவது என்கிறார்கள். உள்ளே இருப்பது எல்லாம் எண்தானே. இன்றைய லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஏ என்று போட்டுவிட்டுப் போகலாமே? இந்தப் பாகுபாடு பழைய கம்ப்யூட்டரின் ஏழ்மை இல்லாமல் வேறென்ன?"

பாதி சரி. ஏழ்மையில் பிறந்ததுதான். மேக்ஸ் மேத்யூஸ் பெல் லேப்ஸில் 1957-ல் ஐபிஎம் 704-ஐ வைத்து 17 நொடிப் பாட்டு ஒன்றை வரவழைத்தபோது கே-ரேட் எல்லாம் கிடையாது. எம்ஐடியில் பேரி வெர்கோ 1973 வாக்கில் பிடிபி-11 மெஷினுக்காக மியூசிக் 11 எழுதியபோதுதான், சத்தத்தின் அளவை ஏற்றி இறக்குகிற எண்ணை எதற்கு நொடிக்குப் பல்லாயிரம் தடவை கணக்குப் போட வேண்டும் என்று அதைத் தனியாகப் பிரித்து மெதுவாக ஓடவிட்டார். அதுதான் கே-ரேட். அதையே 1986-ல் சி மொழியில் திரும்ப எழுதியபோது சிசவுண்ட். எழுத்து வைத்து வகை பிரிக்கிற பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

மீதிப் பாதியை நாளை சொல்கிறேன். தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 10, காலை 7:15

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போடுவது ஒரே ஒரு முறை. அது ஐ. பரிமாறுகிறவர் வரிசையாகச் சுற்றி வருகிறார், ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் இலைக்கு ஒருமுறை வருவார். அது கே. நீங்கள் எடுத்து வைக்கிற ஒவ்வொரு வாயும் ஏ.

கணக்காகச் சொன்னால், நொடிக்கு 44100 சாம்பிள், அதாவது சத்தத்தை எழுதுகிற 44100 எண்கள். சிசவுண்டில் தலைப்பில் எதுவும் எழுதாமல் விட்டால் 10 சாம்பிளுக்கு ஒரு சுற்று, அதாவது கே-ரேட் நொடிக்கு 4410. இதே வேலை செய்கிற ப்யூர் டேட்டா, சூப்பர்கொலைடர் என்ற மென்பொருள்களில் 64 சாம்பிள் ஒரு கட்டு, நொடிக்குச் சுமார் 689 சுற்று, ஒரு சுற்றுக்கு 1.45 மில்லிநொடி. எண் எல்லாம் ஒரே எண்தான், கேள்வி கேட்டவர் சொன்னது சரி. எப்போது கணக்கிடுகிறார்கள் என்பதில்தான் வகை.

பிப்ரவரி 10, மதியம் 1:05

"அப்படியானால் பாயசம் எது?" என்று கேட்டவருக்கு: மிடி, அதாவது கீபோர்டும் குமிழும் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிற செய்தி. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்புவார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெட்டிகளைக் கம்பியால் இணைக்கிற ப்யூர் டேட்டாவில் மெல்லிய கம்பியில் போகிறதே, அந்தச் செய்திகள் ஒரு சுற்றும் இல்லாமல் நிகழ்வாக வருகிறவை. பெயருக்குப் பின்னால் நெளிகோடு போட்ட பெட்டிகளுக்கு இடையே போகிற தடித்த கம்பிதான் சத்தம் ஓடுகிற கம்பி. ஆக சிசவுண்டில் எழுத்து, ப்யூர் டேட்டாவில் நெளிகோடும் கம்பியின் தடிமனும், சூப்பர்கொலைடரில் பெயருக்குப் பின் புள்ளி வைத்து ஏஆர், கேஆர். மூன்று ஊரிலும் ஒரே சரக்கு.

பிப்ரவரி 10, இரவு 11:30

ஐ-யை யாரும் மதிப்பதில்லை, என்னை அதிகம் அழவைத்தது அதுதான். ஒரு ஸ்லைடரை வைத்து ஃபில்டரைத் திருப்பலாம் என்று செய்தேன். இழுக்கிறேன், இழுக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஒரு மணி நேரம் ஸ்லைடரைத் திட்டினேன், கேபிளை மாற்றினேன், மெஷினை அணைத்துப் போட்டேன். கடைசியில் பார்த்தால் மாறியின் முதல் எழுத்து ஐ. ஸ்வரம் தொடங்கிய கணத்தில் ஸ்லைடர் எங்கே இருந்ததோ அந்த எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு அது தூங்கப் போய்விட்டது. அடுத்த ஸ்வரம் வந்தால்தான் மறுபடி கண் திறக்கும்.

இதற்கு நேர் எதிரானதும் நடந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு மயிரிழை முன்பின்னாக இருந்தால் மனிதன் வாசித்த மாதிரி இருக்குமே என்று ரேண்டம் எண் ஒன்றைச் சுருதியில் கூட்டினேன், ஆனால் கே-யில். நொடிக்கு 4410 தடவை சுருதி மாறினால் அது மனிதன் வாசிப்பதா? மணலில் ஈர்க்குச்சி இழுத்த கரகரப்பு. ஐ-க்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

பிப்ரவரி 12, மாலை 6:20

"அடிப்படை சிக்னல் வகை என்றால் சைன், சதுரம், முக்கோணம், ரம்பப்பல், இரைச்சல். நீங்கள் பேசுவது வேறு ஏதோ" என்று ஒருவர் கோபித்திருக்கிறார். அவர் சொல்வது உருவம், நான் சொல்வது வேகம். இரண்டையும் வகை என்றே சொல்லித் தொலைக்கிறோம். ஆனால் இரண்டும் ஓரிடத்தில் முட்டிக்கொள்கின்றன, அது சுவாரசியம்.

0 முதல் 1 வரை ஏறி, தடாலென்று விழுந்து, மறுபடி ஏறுகிற எண், அதாவது ஃபேஸர், இருக்கிறதே, அதை அப்படியே ஸ்பீக்கருக்கு அனுப்பினால் ரம்பப்பல் என்று புத்தகம் சொல்லும். 200 ஹெர்ட்ஸில் செய்து பாருங்கள், காதுக்கு ரம்பப்பல்தான். 5000-ல் செய்து பாருங்கள். ரம்பப்பலுக்கு 10000, 15000, 20000 என்று மடங்குகள் போய்க்கொண்டே இருக்கும், 44100-ல் பாதியான 22050-க்கு மேல் இடம் இல்லை. இடம் இல்லாதவை போய்விடுவதில்லை, மடங்கித் திரும்பி வரும். 8-வது மடங்கு 40000, அது 4100-ல் வந்து உட்காரும். 9-வது 45000, அது 900-ல். நீங்கள் கேட்டது 5000, அதற்கு அடியில் 900-ல் ஒரு ஆவி பாடுகிறது. சுருதியை மெல்ல ஏற்றினால் 8-வதின் ஆவி இறங்கும், 9-வதின் ஆவி ஒன்பது மடங்கு வேகத்தில் ஏறும். முதல் தடவை கேட்டபோது பக்கத்து அறையில் யாரோ ரேடியோ திருப்புகிறார்கள் என்று எழுந்து போய்ப் பார்த்தேன், நிஜமாக.

மருந்து உண்டு. சிசவுண்டில் விசிஓ2, சூப்பர்கொலைடரில் சா. இவை எல்லைக்கு மேலே போகிற மடங்குகளை முடிந்தவரை சேர்க்காமலே அலையைக் கட்டும். எல்எஃப்-சா அப்படிச் செய்யாது, அதன் பெயரிலேயே மெதுவான வேலைக்கு என்று எழுதி ஒட்டியிருக்கிறது, யார் படிக்கிறார்கள்.

பிப்ரவரி 12, இரவு 9:50

மேலே எழுதியதோடு சேர்த்து இதையும் செய்து பாருங்கள். சூப்பர்கொலைடரில், 44100-ல் ஓடும்போது, ஒரு சைனின் சுருதியை இன்னொரு சைனால் ஆட்டுங்கள். ஆட்டுகிற சைனை கேஆர்-ல் வைத்து அதன் வேகத்தை 690 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். இப்படி ஆட்டுவதுதான் எஃப்எம், அதில் மணியோசை மாதிரி, உலோகம் மாதிரி ஏதோ வர வேண்டும். ஜான் சௌனிங் ஸ்டான்ஃபோர்டில் 1967-ல் கண்டு, 1983-ல் யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டில் உலகம் முழுக்கக் கேட்டது அதுதானே. இங்கே வருவது நொடிக்கு ஏறக்குறைய ஒரு தடவை ஊஞ்சலாடுகிற சுருதி. கட்டு நொடிக்கு 689.06 தடவை, ஆட்டுகிற அலை 690. ஒவ்வொரு சுற்றிலும் அலையின் ஏறக்குறைய அதே இடத்தைத்தான் பார்க்கிறது, வித்தியாசமான 0.94 மட்டும் மிஞ்சுகிறது. ஓடுகிற மின்விசிறியை ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் நின்ற மாதிரி தெரியுமே, அதே கதை.

ஆக கேள்வி கேட்டவருக்கு: எஃப்எம் என்றால் ஏ, பேச்சுக்கே இடமில்லை. 6 ஹெர்ட்ஸ் கம்பிதத்துக்கு கே தாராளம்.

பிப்ரவரி 14, காலை 6:45

கமகத்துக்குமா கே போதும் என்று கேட்டிருந்தார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, நம் காது சுருதியில் ரொம்பக் கறார் என்று. போதும்.

நொடிக்கு 6 தடவை, மேலும் கீழும் 100 சென்ட், அதாவது அரை ஸ்வரம், ஆடுகிற ஒரு அசைவை எடுத்துக்கொண்டால், 689 சுற்றில் ஒரு படிக்கு அதிகபட்சம் 5, 6 சென்ட்தான் தாவும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. சுருதி மாறும்போது அலை அறுபடுவதில்லை. ஆஸிலேட்டர் தான் நின்ற இடத்திலிருந்து அடுத்த அடி எவ்வளவு நீளம் என்று மட்டும்தான் கேட்கிறது, அடியின் நீளம் மாறினாலும் நடை விட்டுப்போகாது. அளவு, அதாவது ஆம்ப்ளிட்யூட், அப்படி இல்லை. அலை உச்சியில் இருக்கும்போது அளவை 0.5-லிருந்து 0.6-க்குத் தூக்கினால் அங்கேயே ஒரு செங்குத்துப் படி விழும், அது டக் என்று கேட்கும். அதனால் என் வழக்கம்: சுருதி கே-யில், அளவு ஏ-யில். பல பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், சுருதிதான் நுட்பம் என்று நினைத்து.

பிப்ரவரி 14, இரவு 8:10

திருத்தம். "அளவை ஏ-யில் வைத்தாலும் எனக்கு ஜிப் இழுக்கிற சத்தம் வருகிறதே" என்று ஒருவர் ஒலிக்கோப்பே அனுப்பியிருக்கிறார். கேட்டேன். வருகிறது. காலையில் நான் எழுதியது அரைகுறை.

அவர் திருகுவது மிடி குமிழ். அதற்கு 0 முதல் 127 வரை 128 படிதான், கையை வேகமாகத் திருகினால் அதிலும் நாலு படி, ஐந்து படி தாவும். அந்தப் படிக்கட்டை ஏ என்ற பெயருள்ள மாறியில் போட்டால் ஏ-ரேட்டில் ஓடுகிற படிக்கட்டு கிடைக்கும், சரிவு கிடைக்காது. சிசவுண்டில் அப்சாம்ப் செய்வது அதுதான், ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதும். இன்டர்ப் போட்டால் ஒரு கே-யிலிருந்து அடுத்த கே வரை கோடு இழுக்கும், ஆனால் 10 சாம்பிள் நீளக் கோட்டால் மிடி படியை மறைக்க முடியாது. போர்ட் போட்டு 20, 30 மில்லிநொடிக்கு இழுத்துவிடுங்கள். குமிழ் கொஞ்சம் சோம்பலாகும், ஜிப் போய்விடும்.

எழுத்தை மாற்றினால் எண் மிருதுவாகிவிடும் என்று நானே பல நாள் நம்பியிருக்கிறேன்.

பிப்ரவரி 15, மதியம் 12:30

சம்பந்தம் கொஞ்சம் குறைவு, ஆனால் யாராவது காது தப்பிக்கட்டும். பழைய சிசவுண்ட் பாடங்களில் அளவு 10000 என்று இருக்கும், ஏனென்றால் அப்போது உச்சம் 32768. இப்போது நாம் தலைப்பில் 0டிபிஎஃப்எஸ் என்பதை 1 என்று எழுதுகிறோம், உச்சம் 1. பழைய இன்ஸ்ட்ருமென்டைப் புதிய தலைப்புக்குக் கீழே ஒட்டினேன், ஹெட்ஃபோன் காதில். உச்சத்துக்கு மேல் 80 டெசிபல் கேட்டால் மெஷின் என்ன செய்யும், தலையையும் காலையும் வெட்டிவிட்டு மீதியைத் தரும். சைன் போட்டேன், சதுர அலை வந்தது, அதுவும் முழுச் சத்தத்தில். மாலை வரை காதில் ஙொய். இப்போதெல்லாம் எதை ஒட்டினாலும் முதலில் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன்.

பிப்ரவரி 19, இரவு 11:55

சரி, இப்போது நான் வாயைக் கொஞ்சம் அடக்க வேண்டிய இடம்.

நாலு நாளாக ப்யூர் டேட்டாவில் கம்பி வாத்தியம் ஒன்று செய்கிறேன், கார்ப்ளஸ்-ஸ்ட்ராங் முறை. 1983-ல் வந்த எளிமையான யோசனை. ஒரு கணம் இரைச்சலை ஒரு டிலேயில், அதாவது ஒலியைத் தாமதித்துத் தருகிற பெட்டியில், விட்டு, வெளியே வருவதை லேசாகச் சராசரி எடுத்து, மறுபடி உள்ளேயே ஊற்ற வேண்டும். டிலேயின் நீளம் எவ்வளவோ அதுதான் சுருதி. 5 கட்டை ஸட்ஜம், 196 ஹெர்ட்ஸ். ஏறிக்கொண்டே போனேன். மேல் ஸட்ஜம் 392, ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம் 588, தைவதம் வரை அழகு. நிஷாதம் போட்டேன், தைவதத்துக்கு மேல் கொஞ்சமே ஏறி நின்றுவிட்டது. அதற்கு மேல் ஸட்ஜம் போட்டாலும் அதே சுருதி. என்ன கொடுத்தாலும் அதே சுருதி.

ஏதோ பெருக்கல் தப்பு என்று இரண்டு நாள் தேடினேன். அப்புறம் பேட்ச்சை, பெட்டியும் கம்பியுமாக வரைந்த அந்தக் கோப்பை, நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் மெஷினில் நிஷாதம் ஒழுங்காக வருகிறது என்கிறார், அதற்கு மேல் ஸட்ஜத்தில்தான் நிற்கிறதாம். ஒரே பேட்ச், இரண்டு மெஷினில் இரண்டு இடத்தில் முட்டுகிறது. காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது: அவருடைய சவுண்ட் கார்டு 48000-ல் ஓடுகிறது.

64 சாம்பிள் கட்டு. 44100-ஐ 64-ஆல் வகுத்தால் 689. 48000-ஐ வகுத்தால் 750. என் நிஷாதம் 697.

பந்தியில் ரசம் கேட்டால் அடுத்த சுற்றில்தான் வரும் என்று எழுதியிருந்தால் எனக்கே புரிந்திருக்கும். டிலேயிலிருந்து வந்ததை மறுபடி டிலேக்குள் ஊற்றுகிற வட்டத்தில், ஒரு கட்டு முடிந்த பிறகுதான் அது திரும்ப உள்ளே போகும். ஆகவே 64 சாம்பிளுக்குக் குறைவான வட்டம் கிடையாது, சுருதிக்குச் சுமார் 689-ல் கூரை. அத்தனையும் ஏ-ரேட் கம்பி, நெளிகோடு போட்ட பெட்டிகள். ஏ-ரேட் என்றால் ஒவ்வொரு சாம்பிளும் தனித்தனியாக நடக்கிறது என்று நான் பந்திக் கதை சொன்னேன் பாருங்கள், அது பொய். உள்ளே ஏ-யும் கட்டுக்கட்டாகத்தான் நகர்கிறது. பெட்டி ஒவ்வொன்றும் 64 சாம்பிளையும் முடித்துவிட்டுத்தான் அடுத்த பெட்டிக்குக் கொடுக்கிறது. சிசவுண்டிலும் அப்படித்தான், போன சுற்றின் ஏ மாறியைத் திரும்ப எடுத்தால் ஒரு சுற்று முழுக்கப் பழையதுதான் கிடைக்கும்.

பிப்ரவரி 20, காலை 8:00

"அப்படியானால் சுற்றையே 1 சாம்பிள் ஆக்கிவிட்டால் கே-யும் ஏ-யும் ஒன்றாகிவிடுமே, முதல் கேள்வி கேட்டவர் ஜெயித்தார்தானே?" ஆமாம், ஜெயித்தார். சிசவுண்டில் கே-சாம்ப்ஸை 1 என்று போடலாம், ப்யூர் டேட்டாவில் அந்தக் கம்பி வாத்திய வட்டத்தை மட்டும் ஒரு உள்-பேட்ச்சில் வைத்து பிளாக் 1 என்று போடலாம். போட்டேன். கூரை போய்விட்டது.

ஆனால் மொத்த பேட்ச்சையும் அப்படி ஓட்டிப் பார்த்தேன், லேப்டாப் விசிறி அலறியது, ஆறு வாத்தியக் கம்பியில் சத்தம் விக்க ஆரம்பித்தது. கணக்கு அதிகமானதாலா என்றால், பெருக்கல் கூட்டல் பழைய அளவுதான். ஒவ்வொரு பெட்டியையும் கூப்பிட்டு அனுப்புகிற செலவு 64 சாம்பிளுக்கு ஒருமுறை இருந்தது, இப்போது ஒவ்வொரு சாம்பிளுக்கும். ஒரு மூட்டை வெங்காயம் வாங்க ஒவ்வொரு வெங்காயத்துக்கும் கடைக்குப் போய்வருகிற மாதிரி. வட்டமாகச் சுற்றுகிற இடத்தில் மட்டும் 1, மற்ற இடத்தில் 64, இதுதான் இப்போதைக்கு என் ஏற்பாடு.

பிப்ரவரி 20, மாலை 5:40

லைன் பெட்டியைப் பற்றி ஒருவர் கேட்டது விட்டுப்போயிற்று. ப்யூர் டேட்டாவில் ஓர் எண்ணிலிருந்து இன்னொன்றுக்குச் சரிவு இழுக்கிற லைன், கட்டின் எல்லையில்தான் கிளம்பும். நொடிக்கு 100 சின்னத் துணுக்குகளாகச் சத்தத்தைப் பொடிக்கிற வேலை என்றால் ஒவ்வொரு துணுக்கும் 1.45 மில்லிநொடி வரை முன்பின்னாக நகர்ந்து சொரசொரப்பாகும். வி-லைன் போடுங்கள், அது செய்தி எந்த நேரத்துக்கானதோ அங்கேயே, கட்டின் நடுவிலும் கிளம்பும். தாக்கு, அதாவது சத்தம் எழும்புகிற நேரம், 1 மில்லிநொடி என்று வைத்தவர்களுக்கும் இதே. 64-ல் கே-யில் வைத்தால் அந்தத் தாக்கு ஒரே தாவலாகிவிடும்.

பிப்ரவரி 23, இரவு 10:15

நிஷாதம் வந்துவிட்டது, ஆனால் தம்புராவை ஓடவிட்டு வாசித்தால் நெருடுகிறது. இந்தத் தடவை உடனே பிடித்தேன். டிலே பெட்டி முழு சாம்பிளாகத்தான் எடுக்கும், 63 அல்லது 64. அந்த உயரத்தில் ஒரு சாம்பிள் வித்தியாசம் என்பது 27 சென்ட். சுருதிகளுக்குள் மிகச் சிறிய இடைவெளியான பிரமாண சுருதியே 22 சென்ட்தான். கீழே மந்திர ஸ்தாயியில் யாருக்கும் தெரியாத ஒரு சாம்பிள், மேலே போனால் ஒரு சுருதியையே விழுங்கிவிடுகிறது.

பக்கத்து நாலு சாம்பிளைப் பார்த்து இடையில் இருப்பதைக் கணக்கிட்டுத் தருகிற டெல்ரீட்4 போட்டேன். இப்போது நிஷாதம் தம்புராவோடு உட்காருகிறது. ஒரே குறை, மேலே போகப் போகக் கம்பி சீக்கிரம் செத்துவிடுகிறது. நொடிக்கு 700 தடவை சராசரி எடுத்தால் என்ன மிஞ்சும். கீழ் ஸட்ஜத்தின் கார்வையைக் கெடுக்காமல் மேலே மட்டும் நீட்டுவதற்கு யாராவது வழி வைத்திருந்தால் எழுதுங்கள், பேட்ச்சைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.